மூட்டைக்கு இரண்டு கிலோ

திருக்கழுக்குன்றம்
20-5-1994

தங்கச்சி அம்சாவுக்கு,

செங்கல்பட்டில் மாமியார் கையால் சாப்பிட்டுக்கொண்டு வயிற்றுப் பிள்ளையோடு சுகமாக இருப்பாய். இங்கே உன் அண்ணன் வெயிலில் கருகி, உன் வீட்டுக்காரரே அடையாளம் தெரியாமல் "யாரு நீ" என்று கேட்கிற நிலைமையில் இருக்கிறேன்.

விஷயம் இதுதான். முந்தாநாள் உன் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டேன். ஜோசியர் வைகாசி இருபத்தேழை விட்டால் ஆவணிதான் என்கிறார். ஆவணியில் நீ பிரசவத்துக்குப் படுத்திருப்பாய். ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்று உன் மாமியார் வேறு. தளத்துக்கு அடியில் சென்ட்ரிங் முட்டு இரண்டு வாரமாவது நிற்க வேண்டும், அதற்கப்புறம் பூச்சு, தரை, கதவு. எப்படி முடியும் என்று நீ அழுதாயே, அழ வேண்டியதில்லை. இன்னும் மூன்றே நாளில் முட்டுகளைப் பிரிக்கப் போகிறேன்.

மெட்ராஸில் ஒரு பெரிய சைட்டில் பார்த்துவிட்டு வந்த வேலை. கலவைத் தண்ணீரில் ஒரு உப்பு கரைக்கிறார்கள். ஐஸ் பாக்டரியில் ஐஸ் உறைய வைக்கிற தொட்டிக்குப் போடுகிற அதே உப்புதான், கால்சியம் குளோரைடு என்று பெயர். மச்சான் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் வசதியாகப் போயிற்று. பாக்டரியில் சொல்லி நாலு மூட்டை வாங்கி வந்தார். வெள்ளைச் செதிலாக இருக்கிறது. டிரம்மில் கொட்டினதும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சுட்டது, ஆட்கள் பயந்துபோய்த் தள்ளி நின்றார்கள். சிமென்ட் மூட்டைக்கு ஒரு கிலோ என்றுதான் அங்கே கணக்கு. நம் வீடாயிற்றே என்று நான் இரண்டு கிலோ போட்டேன். கலவை சட்டியிலேயே இறுக ஆரம்பித்துவிட்டது. ஆட்களை விரட்டு விரட்டென்று விரட்டி முடித்தேன். மறுநாள் காலையில் ஆணியால் கீறினால் கோடு விழவில்லை.

ஒன்றரை மூட்டைக்கு மேல் உப்பு மீந்திருக்கிறது. நனைந்து போகாமல் என் வீட்டில் கட்டி வைத்திருக்கிறேன்.

பால் காய்ச்ச நீ வந்தால் போதும். மற்றதெல்லாம் அண்ணன் பொறுப்பு.

எல்லப்பன்


ஜாம்நகர் பக்கம், படகுத்துறை சைட்
28-8-2002

அம்சா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கற்பூரம் அடித்து சத்தியம் செய்துவிட்டால் அந்த இரண்டு வீடும் ஒன்றிடம் ஒன்று தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். கடிதம் போடக் கூடாது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. மலையடிவாரத்தில் பத்துப் பேர் நடுவில் மச்சான் என் சட்டையைப் பிடித்து, "கம்பியத் துன்னுட்ட நீ, அதான் தளம் வெடிக்குது" என்றார். நான் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இந்த வூட்டுக்கு நான் ஒரு குறையும் வெக்கல" என்று சத்தியம் செய்தேன். அன்றைக்குக் கிளம்பியவன்தான். பல ஊர் சுற்றி இப்போது குஜராத்தில் ஒரு பழைய படகுத்துறையைப் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறேன். சாப்பாடு ரொட்டி. பழகிவிட்டது.

சண்டையைப் பேச எழுதவில்லை. கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. தளத்தில் விரிசல் கோணல்மாணலாக இருக்கிறதா, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்கோடாக இருக்கிறதா? கறை இருந்தால் என்ன நிறம்? துடைப்பக் கட்டையால் அடியிலிருந்து தட்டிப் பார். கெட்டியாகக் கேட்கிறதா, காலிப் பானை மாதிரி கேட்கிறதா? தண்ணீர் டேங்க் இன்னும் படுக்கை அறைக்கு மேலேதான் இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்று இப்போது கேட்காதே. சுஜாதாவுக்கு எட்டு வயது முடியப் போகிறது இல்லையா?

எல்லப்பன்


கொத்திமங்கலம் கூட்டு ரோடு
8-9-2002

அண்ணா,

இரண்டு வருஷமாகச் செத்தேனா இருக்கேனா என்று கேட்காதவன், துடைப்பக் கட்டையால் வீட்டைத் தட்டிப் பார் என்று எழுதுகிறாய். உனக்குப் பிடித்த சீமந்தப் புத்திரி சுஜாதா உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "மாமாவுக்கு நம்ம வூடு மேலதான் பாசம்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கேட்டதற்குப் பதில். விரிசல் நேர்கோடுதான், அரை அடிக்கு ஒன்று வீதம், பக்கத்தில் பக்கத்தில். கறை வெற்றிலைச் சாறு துப்பின மாதிரி இருக்கிறது. வெள்ளையடித்தால் ஒரே மாதத்தில் திரும்பி வருகிறது. படுக்கை அறையில் தட்டினால் காலிப் பானை, கூடத்தில் பாதிப் பானை. டேங்க் அங்கேயேதான், ஓரத்தில் கசிகிறது. போன ஆடியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு பத்தை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நான் அப்போது கொல்லையில் இருந்தேன்.

இனி நல்ல சேதி. அவர் மாடி கட்டப் போகிறார். கல்பாக்கத்தில் வேலை செய்கிற குடும்பங்கள் வீடு வீடாகக் கேட்டு அலைகிறார்கள். ஞானதாஸ் என்று ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தார். அந்த ஆள், மேலே ஏற்றுவதற்கு முன் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று வராந்தாத் தளத்தில் ஓரிடத்தில் கொத்தித் திறந்தார். நாங்கள் எல்லோரும் கீழே நின்றோம். அண்ணன் மானம் அங்கேதானே இருக்கிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்தேன். அந்த மனிதர் கம்பிக்குக் கம்பி இடைவெளியை டேப் வைத்து அளந்துவிட்டு, "இன்னா சார், கம்பி எல்லாம் கரெக்டா கீது. ஒரு கம்பி கொறையல. டேங்க் தண்ணி ஒழுகி மேல துரு ஏறிகினு கீது, அவ்ளோதான். பூசிக்கலாம்" என்றார்.

உன் மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உன் பெயரைச் சொல்லி, "கற்பூரம் அடிச்சவன் பொய் சொல்லல, நாந்தான் பாவி" என்றார். அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டார். எல்லப்பன் போட்ட தளத்தின் மேலேயே கட்டுவேன், ஊர் பார்க்கட்டும் என்று. ஐயாயிரம் செங்கல் மேலே ஏற்றியாயிற்று, இரண்டு லோடு மணலும். பண்டிகைக்கு நீ வர வேண்டும், தானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப் போவதாக எழுதச் சொன்னார்.

உன் சத்தியம் ஜெயித்தது அண்ணா. இப்போதாவது ஏன் கேட்டாய் என்று சொல்.

அம்சா


படகுத்துறை சைட்
17-9-2002

அம்சா,

இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாகச் செங்கல்லை இறக்கச் சொல். மிச்சத்தை அப்புறம் படி.

சத்தியம் ஜெயிக்கவில்லை. நான் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறேன், செய்தபோது எனக்கே தெரியாது. கம்பியில் கை வைக்கவில்லை என்பது நிஜம். ஆனால் குறை வைத்தேன். அந்த ஐஸ் பாக்டரி உப்புதான் குறை.

இங்கே எங்களுக்கு மேலே ரோகிணி மேடம் என்று ஒரு இன்ஜினியர், மெட்ராஸ் பெண். பழைய காங்கிரீட்டை உடைத்து, அந்த உடைந்த முகத்தில் ஒரு பாட்டிலிலிருந்து மருந்து தெளிப்பார். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், வெள்ளி நைட்ரேட் என்கிறார்கள். நல்ல காங்கிரீட் பழுப்பாக மாறும். உப்பு ஏறினது பால் ஊற்றின மாதிரி வெளுக்கும். வெளுத்த இடத்தில் கொத்தினால் உள்ளே கம்பி இல்லை அம்சா, கம்பி இருந்த துவாரமும் துரு மண்ணும்தான். ஒரு நாள் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சிமென்ட் தன் காரத்தாலேயே கம்பிக்கு ஒரு மேல்தோல் போட்டுத் துருப்பிடிக்காமல் வைத்திருக்குமாம். குளோரைடு உப்பு அந்தத் தோலை ஓட்டை போட்டுவிடும். பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் போதும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கிடைக்காவிட்டால் காங்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். அந்தக் காலத்தில் சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு கலந்தார்கள், பல ஊர்களில் தடை செய்தாயிற்று, இப்போது உப்பில்லாத மருந்து வந்துவிட்டது என்றார். நான் கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "இன்னா மேஸ்திரி, ஒடம்புக்கு முடியலியா" என்றார்.

அவர் எப்போது மருந்து கலந்தாலும் டப்பாவில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் கலக்கிறார். எனக்கு அந்த மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்று கூடத் தெரியாது. ஒரு கிலோவே தப்பு. நான் பாசத்தில் இரண்டு கிலோ போட்டேன்.

ஞானதாஸ் கம்பியை எண்ணினார், தடிமனை அளக்கவில்லை. காய்ந்த வராந்தாவில் பார்த்தார், டேங்க்குக்கு அடியில் பார்க்கவில்லை. நேர்கோட்டு விரிசல் என்று நீ எழுதினாயே, ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி.

சுஜாதாவை அந்த அறையில் படுக்க வைக்காதே.

எல்லப்பன்


கொத்திமங்கலம் கூட்டு ரோடு
2-10-2002

அண்ணா,

செங்கல்லை அவர் இறக்கவில்லை. உன் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "வேற மேஸ்திரி கைக்கு வேல போவுதேன்னு உன் அண்ணாத்தைக்கு வவுத்தெரிச்சல். கற்பூரம் அடிச்சி நல்லவன்னு பேரு வாங்கினு, இப்ப நானே கெட்டவன்னு எழுதறான் பாரு" என்றார். உன்னை அவர் நம்பாமல் இருந்த நாளில் நீ செய்த சத்தியம் பொய்யாகப் போயிற்று. நம்ப ஆரம்பித்த பிறகு நீ உண்மையைச் சொல்கிறாய், எடுபடவில்லை.

எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் என்று எழுத வரவில்லை. எழுதினால் காகிதம் போதாது.

நானே போனேன். படுக்கை அறையில் விழுந்த பத்தையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதையும், ஞானதாஸ் புதிதாகப் போட்ட படிக்கட்டில் ஒரு துண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தேன். சுஜாதாவின் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறார். சிரிக்காமல் கேட்டார். நம் ஊர்த் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் எல்லாமே வெளுக்கும் என்று சொல்லி, இரண்டையும் புதிதாக உடைத்து, பாட்டிலிலிருந்து நீ எழுதின அதே மருந்தை நாலு சொட்டு விட்டார். படிக்கட்டுத் துண்டு பழுப்பாயிற்று. நம் வீட்டுத் துண்டு தயிர் மாதிரி வெளுத்தது. டீச்சர் பாட்டிலை மூடி வைத்தார். பிறகு, "அம்சா, இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

இரண்டு துண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மச்சான் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த மூட்டைய நாந்தான் தூக்கினு வந்தேன்" என்றார். மறுநாளிலிருந்து தானே ஏறி ஒவ்வொரு கூடையாகச் செங்கல் இறக்குகிறார். ஆளை விடவில்லை. மேலே நடக்கிறபோது கீழே எங்களை வெளியே போய் நிற்கச் சொல்கிறார்.

வாடகைக்கு வீடு பார்க்கிறோம். அதுவரை கூடத்தில் சவுக்கு முட்டுக்கு நடுவில் படுக்கிறோம். சுஜாதா இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு முட்டுகளைச் சுற்றி ஓடுகிறாள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். எங்கள் வீட்டுக்கு மட்டும்தானே அந்த உப்பைப் போட்டாய்? வேறு யாருக்கும் இல்லையே?

அம்சா


படகுத்துறை சைட்
11-10-2002

அம்சா,

மச்சான் ஏறி இறங்க வேண்டாம் என்று சொல். ஏறியே ஆக வேண்டும் என்றால் சுவர் ஓரமாகவே நடக்கட்டும், நடுவில் கால் வைக்க வேண்டாம். முதலில் டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். முட்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கிக் கொடுங்கள், மேலே பலகை வைத்து.

நீ கேட்டதற்கு. உன் அவசரத்துக்காகப் போட்டது அது. எல்லா வீட்டுக்கும் பால் காய்ச்ச நாள் குறிக்கிறார்களா என்ன. மழைக்கு முன்னால் நீங்கள் வெளியேறுகிற வழியைப் பார்.

லீவு கேட்டிருக்கிறேன்.

எல்லப்பன்


படகுத்துறை சைட்
20-10-2002

அம்சா,

போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். அதில் நான் உன்னிடம் பொய் சொன்னேன். வார்த்தையாக இல்லை, ஆனால் பொய்தான்.

நேற்று பகல் சாப்பாட்டு நேரத்தில் துறையின் பழைய உத்தரத்துக்கு அடியில் நிழலென்று ஒடிசாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சின்னவர், நாலு மாதமாக என்னோடு கலவை போட்டவர். அங்கே உட்காரக் கூடாது என்று மேடம் கயிறு கட்டியிருந்தார். வெயிலில் யார் கேட்கிறார்கள். பத்தடி தள்ளி நான் இருந்தேன். அவர் தட்டில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி விழுந்தது. ஊதிவிட்டுச் சாப்பிட்டார். திரும்பவும் விழுந்தது, திரும்பவும் ஊதினார். மூன்றாவது வாய்க்கு உத்தரமே வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு சத்தம் கூட இல்லை. விரிசல் விடுகிற சத்தம் கேட்கும், ஓடிவிடலாம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கேட்பதில்லை.

அவர் ஊருக்கு யார் கடிதம் எழுதுவது என்று கேட்டார்கள். எனக்கு எழுதக் கை வரவில்லை. உனக்கு எழுத வேண்டியது பாக்கி இருந்தது.

உன் வீடு ஐந்தே நாளில் முட்டுப் பிரித்ததைப் பார்த்து ஊரே என்னைத் தேடி வந்தது. எனக்குத் தலை கனத்துவிட்டது. மீந்த ஒன்றரை மூட்டையை அந்த ஆவணியிலேயே செங்கம்மாள் சின்னம்மா வீட்டுத் தளத்துக்குப் போட்டேன், முழுவதும், மூட்டைக்கு இரண்டு கிலோ அதே கணக்கு. பிறகு நானே பாக்டரியில் போய் வாங்கினேன். கூட்டு ரோட்டில் வசந்தாவின் தையல் கடை. மலையடிவாரச் சத்திரத்தின் பின்கட்டு. அவ்வளவுதான், மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று வைத்திருந்தேன்.

நீ கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றால் பயம். பொய்ச் சத்தியம் செய்தவன் என்று ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு எந்த முகத்தோடு மலையைப் பார்ப்பது. ஒன்பது நாள் அந்தப் பயத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

நீ போய்ச் சொல். முதலில் செங்கம்மாள் சின்னம்மாவிடம். கறை தெரியாவிட்டாலும் வெளியே வரச் சொல். இருபத்தாறாம் தேதி ரயில் ஏறுகிறேன். மேடம் ஒரு பாட்டில் மருந்து கொடுத்திருக்கிறார்.

எல்லப்பன்


திருக்கழுக்குன்றம்
24-10-2002

அண்ணா,

நீ பதினொன்றாம் தேதி எழுதினது வந்தது. அதற்கப்புறம் எழுதியிருந்தால் இன்னும் வரவில்லை. நாலு நாளாக அடைமழை, தபால்காரர் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

முந்தாநாள் மத்தியானம் படுக்கை அறைத் தளம் விழுந்தது. டேங்க்கும் அதோடு கீழே. நாங்கள் யாரும் உள்ளே இல்லை. காலையில் முட்டு ஒன்று தானாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்ததும் அவர் எங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார், சமைத்த சோறு கூட அடுப்பில்தான். சுஜாதாவின் கட்டில் மட்டும் இருக்கிற இடம் தெரியவில்லை. நீ எழுதாமல் இருந்திருந்தால் நாங்கள் இல்லை. உன்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

வாடகைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் செங்கம்மாள் சின்னம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர்தான் முதலில் தயங்கினார், "இதுவும் எல்லப்பன் போட்ட தளமாச்சே" என்று. உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். எங்கள் அவசரத்துக்குத்தானே அந்த உப்பு, சின்னம்மா ஆவணியில் நிதானமாகக் கட்டின வீடு, அவளுக்கு என்ன அவசரம் என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டார். ஒரு மாதம் ஆனாலும் இங்கேயே இருக்கலாம் என்று சின்னம்மா சொல்கிறாள். பின் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாள்.

வந்ததும் நான் அண்ணாந்துதான் பார்த்தேன், பழக்கமாகிவிட்டது. ஒரு கறை இல்லை. தீபாவளிக்கு முன்கூட்டியே வெள்ளையடித்திருக்கிறாள். ஈரத்தில் அந்தச் சுண்ணாம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது, அவ்வப்போது பொடி உதிர்கிறது, பெருக்கிப் பெருக்கி அலுத்துவிட்டது. மற்றபடி ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ நாளுக்கப்புறம் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

நீ வந்தால் நேராக இங்கே வா. மழை விட்டபாடில்லை. சுஜாதா என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நோட்டில் விழுகிற பொடியை ஊதிவிட்டு ஊதிவிட்டு எழுதுகிறாள்.

அம்சா